பாவுத் தெருவில் பூப்பந்து

மனைவி மனோரமா இறந்து மூன்று மாதமாகியும் நாகேந்திரன் அழவில்லை. திருத்தணியில் அதுவே ஒரு பேச்சாக இருந்தது. வங்கிக்கு வருகிறவர்கள் செலானை நீட்டிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தான். முகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் போனார்கள்.

அவள் ஒன்றிய அலுவலகத்தில் முக்கிய சேவிகா. பால்வாடிகளும் மாதர் சங்கங்களும் அவள் பொறுப்பு. மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். சென்னைக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அது எழுபத்து மூன்றாம் வருஷம், அவளுக்கு இருபத்தாறு வயது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதாசலம் வீட்டுக்கு வந்தார். பூப்பந்துக் கழகத்தின் தலைவர். பொதட்டூர்பேட்டையில் பாதித் தறிகள் அவர் கொடுக்கும் நூலில்தான் ஓடின. நாகேந்திரனுக்குத் தூரத்து உறவு, மாமா முறை. கோயில் மலையிலிருந்து மொட்டையும் சந்தனமுமாக இறங்குகிற கூட்டத்தில் நுழைந்து வந்ததில் அவர் சட்டை கசங்கியிருந்தது. கையில் மஞ்சள் நோட்டீஸ் கட்டு.

"படிச்சுப் பாருப்பா. நம்ம கழகம் அவள மறக்கல."

மனோரமா நினைவுக் கோப்பை, ஆடவர் பூப்பந்துப் போட்டி என்று போட்டிருந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில்: அடக்கமே உருவானவர். அதிர்ந்து பேசாதவர்.

நாகேந்திரன் இரண்டு தடவை படித்தான்.

"இது யாரு மாமா?"

"இன்னா கேள்வி இது. மனோரமாதான்."

"அதிர்ந்து பேசாதவரா? போன வருஷம் நீங்க லைன் தப்பா சொன்னீங்கன்னு கோர்ட்டுக்குள்ள வந்து சண்டை போட்டாளே. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுச்சே."

வேதாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஆங், போட்டா. அதையெல்லாம் அச்சடிக்க முடியுமா? செத்தவங்களப் பத்தி நல்லதத்தான் சொல்லணும்."

"அதான் நல்லது. அதையே போடுங்க."

மனோரமா வேலையில் சேர்ந்த புதிதில் பொதட்டூர்பேட்டையில் மாதர் சங்கக் கூட்டம் போட்டாள். கீரையில் உள்ள சத்தைப் பற்றிப் பேசவேண்டும். வந்த பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். விடிந்ததிலிருந்து குழித்தறியில் கால்போட்டு உட்காருகிறவர்கள். அவள் ஃபைலை மூடிவிட்டு, பந்தாடலாமா என்று கேட்டாள். சிரித்தார்கள். ஆடுவதற்கு இடம் எங்கே?

இடம் எதிரிலேயே இருந்தது. விடியற்காலையில் தறிக்கான நீள இழைகளைத் தெரு நீளத்துக்கும் பாவாகக் கட்டி, கஞ்சி வைத்து, புருசால் நீவி உலர்த்துவார்கள். வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு கல் முள் இல்லாமல் தெரு சும்மா கிடக்கும். பாவைத் தாங்குகிற மூங்கில் கவைகளில் இரண்டை எடுத்துத் தெருவுக்குக் குறுக்கே நட்டு மனோரமா வலை கட்டினாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். அடுத்த மாதம் பத்துப் பேர் செருகினார்கள். மாமியார்கள் கதவைச் சாத்தினார்கள். பிறகு ஜன்னலைத் திறந்தார்கள்.

ஆட வந்தவர்களில் குப்பம்மாளுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து, இது களைப்பு இல்லை என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். காசநோய். ஊசி முடியும்வரை வாராவாரம் தானே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். எந்த மேலதிகாரியும் அதைச் செய்யச் சொல்லவில்லை. ஊசிக்குப் பயந்து குப்பம்மாள் ஒளிந்துகொண்ட நாட்களில் தெருவில் நின்று திட்டுவாள். அதுவும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்.

"பொம்பளைங்க மேட்ச் ஒண்ணும் வைங்க மாமா," என்றான் நாகேந்திரன்.

"நினைவு நாள்ல புடவையத் தூக்கிச் செருகிகினு ஓடினா ஊரு சிரிக்கும். கோயில் ஊருப்பா இது. குத்துவிளக்கு ஏத்தட்டும். வாசல்ல கோலம் போடட்டும்."

"அவளுக்குக் கோலமே வராது."

"தீட்டுன்னு நீ ஒரு வருஷம் மலை ஏறக்கூடாதவன். ஆட்டம் பாட்டம்னு பேசலாமா?"

"ஆட்டம் நடத்தறது நீங்க." நோட்டீஸை மடித்து அவர் கையில் வைத்தான். "பொம்பளைங்க ஆடலன்னா அவ பேர எடுத்துடுங்க. படமும் தரமாட்டேன்."

"பைத்தியக்காரா, நோட்டீசு அடிச்சாச்சு."

"கிழிச்சிடுங்க."

வேதாசலம் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். காபி ஆறிக்கிடந்தது.

அன்று மத்தியானமே நாகேந்திரன் பொதட்டூர்பேட்டை பஸ் ஏறினான். அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியான அம்சா தறியில் இருந்தாள். மனோரமாவை அக்கா என்று கூப்பிட்டவள். அதனால் அக்கா புருஷனான அவன் அவளுக்குப் பாவா. எழுந்து தண்ணீர் கொடுத்தாள். அவன் சுருக்கமாகச் சொன்னான்: கழகம் போட்டி நடத்துகிற அதே நாளில், அதே நேரத்தில், இந்தத் தெருவில் நீங்கள் ஆடவேண்டும்.

அம்சா குறுக்கு நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் உருட்டினாள். "ஆடலாம் பாவா. நூலு அவரோடதாச்சே."

பக்கத்துத் தறிக் குழியிலிருந்து குப்பம்மாள் குரல் வந்தது. "நூலு அவருது. இடுப்பு நம்மளுதுடி."

போட்டி நடக்கிற ஞாயிற்றுக்கிழமை காலையில் பாவுகளை வழக்கத்தைவிடச் சீக்கிரம் சுருட்டினார்கள். வலை கட்டிக்கொண்டிருந்தபோது உச்சி வெயிலில் ஒரு தள்ளுவண்டி வந்தது. வேதாசலத்தின் உள்ளூர் நூல் கிடங்கில் வேலை செய்யும் வீரபத்திரன் தள்ளிக்கொண்டு வந்தான். வண்டியில் நான்கு பாவுக் கட்டுகள்.

"மொதலாளி இப்பவே தெருவுல கட்டச் சொன்னாரு."

எல்லாரும் கட்டுகளைப் பார்த்தார்கள், வெயிலைப் பார்த்தார்கள். பிறகு அம்சா சிரித்தாள். பின்னாலேயே எல்லாரும் சிரித்தார்கள்.

"இந்த வெயில்லயா? கஞ்சி வச்சவுடனே மொடமொடன்னு காஞ்சுபூடும். புருசு பட்டா எழை மொத்தமும் அறுந்துடும். ஒங்க மொதலாளி தறிக்காரன் மவன்தானே? கோவத்துல தொழிலையே மறந்துட்டாரா?"

வீரபத்திரன் தலையைச் சொறிந்தான். அவனும் தறிக்காரன் மகன்தான். "எனக்குத் தெரியாதா. சொல்லச் சொன்னாரு, சொல்றேன்." கொஞ்சம் நிறுத்தி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மீதியையும் சொன்னான். "கட்டலன்னா நாளையிலேர்ந்து இந்தத் தெருவுக்கு நூலு இல்லியாம்."

சிரிப்பு நின்றது.

நாகேந்திரனுக்கு மாதச் சம்பளம் இருந்தது. இவர்களுக்கு அந்தக் கட்டுகள்தான் இருந்தன. அவன் வலைக் கயிற்றை விட்டான். "அம்சா, வேணாம். அவிழ்த்துடலாம். ஒங்க பொழப்பு இது."

"நீங்க யாரு வேணாம்னு சொல்றதுக்கு?" அவள் குரலில் கோபம் இருந்தது. "அக்கா ஒங்களுக்கு மட்டுந்தான் சொந்தமா? அவங்க அடக்கமா இருந்தாங்கன்னு நோட்டீசு போட்டுக்கினு, எங்களையும் அடக்கிடலாம்னு பாக்கறாரு. தள்ளி நில்லுங்க பாவா." வீரபத்திரன் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு விடிகாலைல கட்றோம். இன்னிக்குத் தெரு எங்களுது. போய்ச் சொல்லு."

"திருத்தணிக்கு இனிமே சாயங்காலந்தான் பஸ்ஸு," என்ற வீரபத்திரன் வண்டியை நிழலில் விட்டுவிட்டுச் சக்கரத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்தான். எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டான்.

புள்ளி சொல்ல ஆள் வேண்டும். நாகேந்திரனை நிறுத்தினார்கள். மஞ்சள் கம்பளிப் பந்து சுவருக்கும் சுவருக்கும் நடுவே பறந்தது. கழகத்து ஆண்கள் இதைப் பார்த்தால் ஆட்டம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்துக்குப் பதில் நாலு பேர், கோர்ட்டு தெரு அகலம், புள்ளிக்குப் புள்ளி தகராறு. நாகேந்திரன் சொன்னதை யாரும் முதல் தடவையில் ஏற்றுக்கொள்ளவில்லை. கத்திக் கத்தி அவன் தொண்டை கட்டியது. இந்த மூன்று மாதத்தில் அவன் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

இருபது புள்ளியைத் தாண்டியபோது தெருமுனையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வேதாசலம். கழகத்துப் போட்டியைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வண்டியை வலைக்கு இந்தப் பக்கம் கோட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை.

"யாரு சொல்லி நடக்குது இது?"

குப்பம்மாள் பந்து போட மட்டையை வீசப்போனவள் அப்படியே நின்றாள். அம்சா அவரைப் பார்க்கவில்லை. நாகேந்திரனைப் பார்த்தாள். தெருவே அவனைப் பார்த்தது.

"மாமா, கோர்ட்டுல நிக்கிறீங்க," என்றான் அவன். "தள்ளுங்க."

"நாளையிலேர்ந்து இந்தத் தெருவுக்கு..."

"அத நாளைக்குப் பேசுங்க. நானும் வரேன். இப்ப இருபத்து ரெண்டுக்கு இருபது. தள்ளுங்க."

வேதாசலம் மாடி ஜன்னல்களைப் பார்த்தார். கிழவிகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிழலில் இருந்த தன் தள்ளுவண்டியையும், அதில் சாய்ந்திருந்த தன் ஆளையும் பார்த்தார். வீரபத்திரன் எழுந்திருக்கவில்லை. கட்டப்படாத நான்கு கட்டுகளையும் அந்த வெயிலையும் பார்த்தபோதுதான் தான் சொல்லியனுப்பியதன் கிறுக்குத்தனத்தைப் புரிந்துகொண்டவர்போல் நெற்றியைத் துடைத்தார்.

வேதாசலம் இன்ஜினை அணைத்து, இறங்கி, வண்டியைத் தள்ளிச் சுவரோரம் கொண்டுபோனார். பின்சக்கரம் இன்னும் கோட்டின் மேல் இருந்தது.

"இன்னும் கொஞ்சம்," என்றான் நாகேந்திரன்.

அவர் இன்னும் கொஞ்சம் தள்ளினார். குப்பம்மாள் பந்தைப் போட்டாள்.