அளவெடுக்க வந்தவர்

எல்லையில் எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பத்தை, பிள்ளைக்கு நடக்க வராது என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பினார்கள். அதைக் கண்ணால் பார்த்தவள் நான். அன்றிலிருந்து அதிகாரி யார் வந்தாலும் என் மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். சீருடைக்காரர் எட்டிப் பார்த்தால், "தூங்குறா சார்" என்பேன். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் பிள்ளை உலகத்தில் அவள் ஒருத்திதான்.

இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடமாகிறது. மகளுக்கு ஒன்பது வயது. சக்கர நாற்காலி தேவையா என்று பார்க்க பிசியோதெரபி அம்மா ஒருவர் வருவதாகக் கடிதம் வந்தது.

"உண்மையச் சொல்லிடுவோமே" என்றார் என் வீட்டுக்காரர். சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்; எந்தக் கறையும் போய்விடும் என்று நம்புகிறவர்.

"சும்மா தர்றாங்கன்னா நம்பிடுவீங்களா? நம்மள இங்க வச்சுக்கறதா வேணாமான்னே இன்னும் முடிவு வரல. நீங்க வாயத் திறக்காதீங்க."

மகளைச் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பைத் துண்டால் இறுக்கிக் கட்டி, மேலே சால்வையைப் போர்த்தினேன். பார்க்க ராணி மாதிரிதான் இருந்தாள்.

அந்த அம்மா வந்து, மகளைப் பார்த்தார். பின்னால் போய்க் குனிந்தும் பார்த்தார். நான் சால்வையை இழுத்து முடிச்சை மூடினேன்.

"முடிச்சு நல்லா போட்டிருக்கீங்க" என்றார். "ஆனா நான் 'தானா உக்கார்றா'ன்னு எழுதினா நாற்காலி கிடைக்காதும்மா. இன்னையோட பட்டியல் முடியுது. அடுத்தது இன்னும் ஒரு வருஷம் ஆகும். நீங்க இங்க தங்குற விஷயத்துக்கும் இந்தத் தாளுக்கும் சம்பந்தமே இல்ல."

நான் சுவரைப் பார்த்தேன். வீட்டுக்காரர்தான் உடைந்தார். "அவளால உக்கார முடியாதும்மா. இவதான் ரெண்டு மாடி தூக்கிட்டு ஏறி இறங்குறா. இவ முதுகே போச்சு."

ஆரம்பித்துவிட்டால் நான் விடுவேனா? தலை ரொம்ப நேரம் நிற்காது, கை பிடிக்காது, தானாகச் சாப்பிட முடியாது என்று கொட்டித் தீர்த்தேன். ஒவ்வொரு 'முடியாது'க்கும் அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். முகம் ஒரு தடவைகூடச் சுருங்கவில்லை.

பிறகு அளவு நாடாவை எடுத்து, மகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். "உன்னைத் தொட்டு அளவெடுக்கட்டுமா? சரின்னா கண்ணால மேல பாரு. வேணாம்னா கீழ பாரு."

"அவளுக்கு அதெல்லாம் புரியாதும்மா" என்றேன். அவர் மகளின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் கீழே பார்த்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. அதிகாரியிடம் வேண்டாம் என்று எங்கள் குடும்பத்தில் யாரும் சொன்னதில்லை. "இல்லம்மா, நீங்க எடுங்க, அவ கிடக்குறா!"

அவர் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். "அவதான் வேணாங்குறாளே. டீ இருக்கா?"

டீ குடித்தார். மகளிடம் தன் வீட்டுப் பூனையின் சேட்டைகளைச் சொன்னார். இருபது நிமிடம் கழித்து மறுபடி கேட்டார். என் மகள் மேலே பார்த்தாள். நான் டம்ளர் கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நாற்காலி வர ஆறு வாரம் ஆகுமாம். வரட்டும், புண்ணியமாகப் போகும். ஆனால் அந்த அம்மாவை நான் தினமும் கையெடுத்துக் கும்பிடுவது அந்த இருபது நிமிடத்துக்காக. என் மகள் ஓர் அதிகாரியிடம் வேண்டாம் என்றாள். எங்களை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை.