உறைபனி விழும்வரை

பிலடெல்பியாவுக்குப் போகச் சொன்னது யாபேஸ்தான். தங்கை மகன் ஆசகேலுக்கு இருபத்திரண்டு வயது. நாற்காலி, அலமாரி செய்வதில் நல்ல கை. கனெக்டிகட் ஆற்றோரத்து வெங்காயக் கொல்லைகளுக்கு நடுவே அந்தக் கைக்கு என்ன வேலை இருந்தது?

“அவன் இங்கயே கெடக்கட்டும் அண்ணே,” என்றாள் மெகேதபேல். கணவன் போனபின் அவளும் மகனும் அண்ணன் வீட்டோடுதான் இருந்தார்கள்.

“எதுக்கு? எங்கூட நின்னு பீப்பாய்க்கு வளையம் அடிக்கவா? அங்க தெருத்தெருவா புது வீடு எழும்புது. வேலைக்குப் பஞ்சமே இல்ல. போடா, பொழைக்கிற வழியப் பாரு.”

“மாமாவுக்கு என் பங்கு ரொட்டி மேல கண்ணு,” என்று சிரித்துக்கொண்டே 1793 ஜூன் மாதம் படகேறினான் ஆசகேல்.

செப்டம்பரில் அவனிடமிருந்து கடிதம் வந்தது. நோய் ஒட்டாமலிருக்க யாரோ வழியில் அதை வினிகரில் முக்கியிருந்தார்கள். மை கலங்கிய தாளை யாபேஸ் தன் பீப்பாய்ப் பட்டறையில் தனியாக நின்று படித்தார்.

‘மாமா, இங்கே மஞ்சள் காய்ச்சல். முதலாளி குடும்பத்தோடு ஓடிவிட்டார். நாற்காலி கேட்க ஆளில்லை. நேற்று மட்டும் ஒன்பது சவப்பெட்டி அடித்தோம். எனக்கு இதுவரை ஒன்றுமில்லை. கிளம்பி வரட்டுமா, இருக்கட்டுமா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.’

யாபேஸுக்கு நான்கு பெண்கள். கடைசிக்கு எட்டு மாதம், இப்போதுதான் தவழ்கிறது. மூன்று நாள் அவர் பேனாவைத் தொடவில்லை. நான்காம் நாள் எழுதினார்: ‘உறைபனி விழுந்தால் காய்ச்சல் அடங்குமாம். அதுவரை அங்கேயே இரு.’

“என்ன எழுதின அண்ணே?” மெகேதபேலுக்குப் படிக்கத் தெரியாது.

“வரச் சொல்லிட்டேன்.”

அன்றே அவள் மகனுடைய மெத்தையை வெயிலில் போட்டாள். தினமும் சாயங்காலம் படகுத்துறைவரை போய் நின்றுவிட்டு வந்தாள். அவள் கிளம்பும் நேரம் பார்த்து யாபேஸ் பட்டறைக்குள் புகுந்துகொள்வார்.

அக்டோபர் கடைசியில், ஆசகேலோடு வேலை பார்த்த ஒருவன் எழுதிய கடிதம் மெகேதபேல் பேருக்கு வந்தது. யாபேஸின் மனைவி ரோடா சமையலறையில் உரக்கப் படித்தாள். ஐந்து நாள் காய்ச்சல். ஊருக்கு வெளியே பொதுக்குழியில் புதைத்தார்கள். ‘நாங்கள் எல்லோரும் ஓடிப்போகச் சொன்னோம். பனி விழும்வரை இருக்கச் சொல்லி மாமா எழுதியிருக்கிறார் என்று...’

ரோடா நிறுத்திவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

“வரச் சொன்னேன்னியே,” என்றாள் மெகேதபேல்.

“வீட்டுல பச்சப்புள்ளைங்க இருக்கும்மா. நாலு புள்ளைங்க...”

“எனக்கு ஒண்ணுதான் இருந்துச்சு.”

அவள் கத்தவில்லை, வீட்டைவிட்டுப் போகவுமில்லை. போக இடம் ஏது? அடுப்பு வேலை பார்த்தாள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாவு பிசைந்தாள். ஆனால் அண்ணே என்று மறுபடி அழைக்கவில்லை. சாப்பாடு தயாரானால் மூத்த பெண்ணைப் பட்டறைக்கு அனுப்புவாள்.

“அப்பா, அத்தை வரச் சொன்னாங்க,” என்று அந்தப் பெண் வாசலில் வந்து நிற்பாள். யாபேஸ் சுத்தியலைக் கீழே வைக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.