ஒரு கூடத்துக்கு இரண்டு பேர்

இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் விடிந்துகொண்டிருந்தது. தியுர்மாவுக்கு அது தெரியாது. டேட்டா சென்டரின் ஜன்னலே இல்லாத இரண்டாம் கூடத்தில், சர்வர் ரேக் வரிசையின் முன்பக்கக் குளிரில் விறைத்து நின்று மடிக்கணினியில் கட்டளை அடித்தாள். பிறகு வரிசையைச் சுற்றி ஓடி, சர்வர்கள் ஊதித் தள்ளும் வெக்கையில் மண்டியிட்டுக் கேபிள்களின் எண்களைத் தடவிப் பார்த்தாள். திரும்பவும் குளிருக்கு ஓடினாள். கேபிள் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகள் விரல் நுனிகளைக் கீறியிருந்தன. விசிறிகளின் இரைச்சலில் அவள் இருமியது அவளுக்கே கேட்கவில்லை.

இது இரண்டு பேர் வேலை. ஒருவர் கணினியில், ஒருவர் ரேக்குக்குப் பின்னால். போன மழைக்காலம் வரை அவளோடு வாஹ்யு இருந்தான். அவனுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவன் இடத்துக்கு யாரும் வரவும் இல்லை. எல்லாக் கூடங்களிலும் அப்படித்தான் ஆனது. ஆளுக்கொரு நேரத்தில் உள்ளே விட்டு, ஆளுக்கொரு நேரத்தில் வெளியே அனுப்பினார்கள். வாசலில்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வழியில்லை. கைப்பேசியைக் காவலாளி வாங்கி வைத்துக்கொள்வான். மிச்சமிருந்தது இடுப்பில் தொங்கும் வாக்கி-டாக்கி.

அதற்குள் இரண்டு குரல்கள் இருந்தன. முதல் கூடத்தில் ஃப்ளோரஸ்காரன் மார்செலுஸ். மூன்றாம் கூடத்தையும் பேட்டரி அறையையும் பார்த்துக்கொண்ட ஆச்சேக்காரன் சஃப்ரிசால்.

"அக்கா, சாப்டாச்சா?" சஃப்ரிசாலின் குரல் கரகரத்தது.

"வாழையிலையில லொந்தோங் சோறு கட்டிட்டு வந்தேன். ஒத்தையில உக்காந்து திங்கப் பிடிக்கல."

"வாக்கி-டாக்கிய பக்கத்துல வெச்சுக்கிட்டுத் தின்னுங்க. நான் மெல்ற சத்தம் போடறேன்."

மார்செலுஸ் குறுக்கே புகுந்தான்: "இவன் மெல்றதக் கேட்டா இருக்கற பசியும் ஓடிரும்."

அவள் சிரித்தாள். பிறகு மறுபடி விசிறிகள் மட்டுமே.

அன்று சர்வர்களை வலையமைப்போடு இணைக்கும் ஒரு சுவிட்சைக் கேட்வே முறைக்கு மாற்ற வேண்டியிருந்தது. கட்டளை கொடுத்ததும் அது பழைய அமைப்பையெல்லாம் துடைத்துவிட்டு, அணைந்து மறுபடி எழும். அதன்பின் சர்வர்களிடமிருந்து வரும் ஒவ்வொரு போர்ட்டும் மேலே போகும் எந்தப் போர்ட்டைச் சார்ந்திருக்கும் என்று ஜோடி சேர்க்க வேண்டும். அந்தக் கூடத்தின் இணைப்புகளுக்கு அதைக் கையால்தான் செய்தாக வேண்டும். ஜோடியில்லாத போர்ட் இருட்டாகவே கிடக்கும். ஃபெர்ரி டிக்கெட் விற்கும் கம்பெனியின் சர்வர்கள் அவை. முதல் படகுக்கு முன் முடிக்கச் சொல்லியிருந்தார்கள்.

பாதிப் போர்ட்டுகள் பச்சையாகியிருந்தபோது வாக்கி-டாக்கி முனகியது.

"அக்கா… கால்…"

"சஃப்ரி? என்னடா ஆச்சு?"

வாக்கி-டாக்கியிலேயே கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டாள். "ஆள் அனுப்பறோம். நீங்க வேலைய விட்டு நகராதீங்க" என்றார்கள். எந்த ஆளை? கூடங்களில் இருந்ததே அவர்கள் மூன்று பேர்தான். திரையில் பாதி வரிசை இருட்டாகக் கிடந்தது. அவள் அதை ஒருமுறை பார்த்தாள். ஓடினாள்.

அவளுடைய அட்டைக்கு மூன்றாம் கூடத்தின் கதவு திறக்காது. அவசரப் பொத்தானின் கண்ணாடியை முழங்கையால் உடைத்தாள். சங்கு அலற, பேட்டரி அறைக்குள் பாய்ந்தாள். இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய பேட்டரிப் பெட்டி ஒரு மெலிந்த பையனின் முழங்காலுக்குக் கீழே கிடந்தது. எதிர்க் கதவு வழியாக மூச்சிரைக்க இன்னொருவன் வந்தான். யார் என்று கேட்க நேரமில்லை. இருவரும் பெட்டியைத் தூக்கினார்கள்.

சஃப்ரிசால் வெளிறிய உதடுகளால் அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "நீங்கதான் அக்காவா? குரல வெச்சு இன்னும் குண்டா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

அவனை ஆம்புலன்ஸில் ஏற்றியதும் மேலாளர் பாக் ஹெர்மான் அவளைக் கூப்பிட்டார். எல்லாருக்கும் அவர் 'பாக்', அதாவது ஐயா.

"டிக்கெட் கவுண்டர்ல கூட்டம் கத்துது. பாதியில போட்டுட்டுப் போனது யாரு?"

"நான்தான், பாக்."

"சர்வர் இருட்டுல கெடந்தா எவ்வளவு நஷ்டம் தெரியுமா?"

"சஃப்ரிசாலும்தான் கெடந்தான், பாக். எலும்பு வெளிய தெரிஞ்சுது."

"அவனை யாரு ஒத்தையில தூக்கச் சொன்னது?"

"கூட இருந்த ஆளை நிறுத்தினது யாரு?"

அவர் முகம் சிவந்தது. "ஆள் அனுப்பற ஏஜென்சிக்கு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நாளைக்கு உன் இடத்துல வேற ஆள் நிக்கும்."

"என் இடத்துக்கு ரெண்டு பேரா அனுப்பச் சொல்லிருங்க, பாக்."

கதவருகே மார்செலுஸ் நின்றிருந்தான். பெட்டியைத் தூக்க ஓடி வந்தவன் அவன்தான். மேலாளர் மிரட்டியபோதும் அங்கிருந்து நகரவில்லை.

மாலையில் மருத்துவமனை நடைவழிக்கு மற்ற ஷிப்ட் ஆட்களும் வந்தார்கள். வாய் திறந்து பேசிய பிறகுதான் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். "நீதானா அது!" என்று ஒருத்தி மார்செலுஸின் தோளில் அடித்தாள். உள்ளே சஃப்ரிசாலின் காலில் ஆணி பொருத்திக்கொண்டிருந்தார்கள். பேச்சு நீளவில்லை. இனி எவரும் எந்தக் கூடத்துக்குள்ளும் தனியாகப் போவதில்லை என்று முடிவெடுத்தார்கள்.

தியுர்மா வாடகை அறைக்குத் திரும்பினாள். வேலை போனால் ஊருக்கு என்ன சொல்வது என்ற நினைப்போடு படுத்தாள். அந்த அறையில் அவளுக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை.

விடிகாலையில் அவள் டேட்டா சென்டர் வாசலுக்கு வந்தபோது தன்னைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள் என்றே நினைத்தாள். மார்செலுஸ் இருந்தான். ஷிப்ட் இல்லாதவர்களும் இருந்தார்கள். கடல்காற்றில் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள்.

"ஒவ்வொருத்தரா உள்ள வாங்க!" பாக் ஹெர்மான் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார்.

"ஒரு கூடத்துக்கு ரெண்டு பேர்னா வர்றோம், பாக்" என்றாள் தியுர்மா.

"நீங்க வரலேன்னா வேலை நிக்குமா? அதோ பாருங்க."

ஏஜென்சியின் வேன் வந்து நின்றது. உள்ளே புதுச் சீருடையில் புது முகங்கள். கூட்டம் ஒரு கணம் பின்வாங்கியது. மார்செலுஸ் தரையைப் பார்த்தான்.

தியுர்மா வேனை நோக்கி நடந்தாள். ஜன்னலோரம் இருந்த பெண் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினாள்.

"எங்க எல்லாரையும் ஒண்ணா உள்ள விடுவாங்களா, அக்கா?"

"இல்லம்மா. ஒவ்வொருத்தரா. ஒரு கூடத்துக்கு நீ மட்டும்."

அந்தப் பெண் ஜன்னலற்ற கட்டிடத்தைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்றவர்களைப் பார்த்தாள்.

"நேத்து இங்க என்ன நடந்துச்சு?"

"எறங்கி வா. சொல்றேன்."

வேனுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. டிரைவர் ஏதோ அதட்டினான். ஆனாலும் அந்தப் பெண் உள்ளிருந்து தள்ள, கதவு கரகரவென்று நகர்ந்து திறந்தது.