நோரீன் வாய் மூடிய சனிக்கிழமை

நோரீன் ஆக்ராய்ட் ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருக்கப்போகிறாள் என்று கேட்டதும் யார்க்‌ஷயர் பக்கத்து எங்கள் ஆட்டர்ஸ்லி ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்த கையோடு பணம் தருவதாகப் பெயரும் கொடுத்தது. பந்தயத்தில் அவள் தோற்றுவிடுவாள், தன் காசு பத்திரம் என்கிற தைரியத்தில் கொடுத்தவர்களும் உண்டு. யார் யார் என்று சொன்னால் வம்பு.

விஷயம் இதுதான். ஊருக்கு மேலே, மேட்டில், குணமாகாத நோயாளிகளைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதற்கு மேட்டு இல்லம் என்றே பெயர். அரசாங்கம் கொடுப்பது எந்த மூலைக்கும் காணாது. மீதியை ஊர்தான் கேக் விற்றும், ஓடியும், மொட்டை போட்டுக்கொண்டும் சேர்த்துக் கொடுக்கிறது. வீட்டோடு கிடக்கும் நோயாளிகளை வியாழக்கிழமைதோறும் ஏற்றிப்போய், இதமாகக் குளிப்பாட்டி, சீட்டாட வைத்து, சூடாகச் சாப்பாடு போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கு அவர்களிடம் ஒரு வேன் இருந்தது. அது அந்தக் குளிர்காலத்தில் மேட்டுப் பாதையின் நடுவில் நின்றது. நின்றது நின்றதுதான். மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு, சாவு வீட்டில் கழற்றுவது போலத் தொப்பியைக் கழற்றினாராம்.

நோரீனின் கணவன் கிளிஃபர்ட் தன் கடைசி வருஷத்தில் அந்த வேனில்தான் போய்வந்தான். வாரத்தில் ஆறு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த மனிதன், வியாழக்கிழமை காலையில் மட்டும் தானாகவே சவரம் செய்துகொள்வான். அதைப் பார்த்தவள் அவள். 

புது வேனுக்குப் பணம் சேர்க்க மாதா கோயில் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஆளுக்கொரு கூத்துச் செய்வதாகச் சொன்னால், அதற்கு ஊர் பணம் கட்டும். பாதிரியார், ஆறிப்போன பீன்ஸ் நிரப்பிய குளியல் தொட்டியில் ஒரு மதியம் முழுக்க உட்காருவதாகச் சொன்னார். இறைச்சிக் கடைக்காரர் தாடியை எடுப்பதாகச் சொன்னார். அப்போது பின்வரிசையிலிருந்து வில்ஃப் குரல் கொடுத்தான். சந்தையில் நோரீனின் டீக்கடைக்கு நேர் எதிரே மீன் கடை போட்டிருப்பவன். அவர்கள் இருவரும் சண்டை போடாமல் அந்தச் சந்தை ஒருநாளும் விடிந்ததில்லை.

"நம்ம நோரீன் ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருக்கட்டும். நானே நூறு பவுண்டு தர்றேன். ஆனா ஒண்ணு. சந்தை திறக்கற மணியிலேருந்து மூடற மணி வரைக்கும். நடுவுல ஒரே ஒரு வார்த்தை வந்துதுன்னாலும் சல்லிக்காசு கிடையாது."

கூடம் அதிர்ந்தது. நோரீனும் சிரித்தாள். ஆனால் உள்ளே ஓரிடத்தில் சுருக்கென்றது. நான் பேசுவது இவர்களுக்கு இவ்வளவு பெரிய தொந்தரவா?

"சரிடா மீனு. எழுதிக்கோ. எல்லாரும் எழுதிக்கோங்க. ஒரு வார்த்தை வந்தா எனக்கு ஒண்ணும் வேணாம். வரலைன்னா வேனோட முதல் சவாரிக்கு நீதான் கதவு திறந்து விடணும்."

வாரம் முடிவதற்குள் பெயர் கொடுத்தவர்களின் தொகை, நல்ல நிலையிலிருக்கும் பழைய வேன் ஒன்றுக்குப் போதும் என்று ஆகிவிட்டது. பீன்ஸும் தாடியும் எட்டாத உயரம் அது. அவள் வாய் ஒன்றுதான் பாக்கி.

சனிக்கிழமை மணி அடித்தது. நோரீன் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது: 'பேசமாட்டேன். மேட்டு இல்லத்துக்காக.' கடை முன்னால் உண்டியல் வாளி. பக்கத்தில் நாற்காலி போட்டு, கழுத்தில் விசிலோடு மிஸ் ஓல்ட்ராய்ட். பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேரை முட்டி போட வைத்தவர். நடுவர் என்றால் அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

கைச் சைகையில் டீ ஊற்றினாள், தலையாட்டிப் பணம் வாங்கினாள். வந்தவர்கள் எல்லாம் அவளைச் சீண்டிப் பார்க்கத்தான் வந்தார்கள்.

"என்ன நோரீன், வாயில கொழுக்கட்டையா?" என்று வில்ஃப் ஆரம்பித்தான். "உன் கிரேவி பொட்டலத்துல வாங்கிக் கலக்கறதுன்னு ஊர்ல பேசிக்கறாங்களே, நெசமா? இல்லைன்னா இல்லைன்னு சொல்லேன் கண்ணு."

நாக்கு அரித்தது. 'என் கிரேவியைப் பத்திப் பேச உனக்கு என்னடா யோக்கியதை, உன் மீனைப் பார்த்துப் பூனையே மூக்கைப் பொத்திக்கிட்டுப் போகுது' என்று நெஞ்சுக்குள் ஒரு மூச்சுத் திட்டிவிட்டு, அவனுக்கு ஒரு டீயை நங்கென்று வைத்தாள்.

மலைக்கு அந்தப் பக்கம் லங்காஷயரிலிருந்து வந்த ஒருத்தன், பன்றி இறைச்சி வைத்த பேக்கன் ரொட்டியைக் கடித்துவிட்டு, "பரவாயில்ல. ஆனா எங்க ஊர்ல இதைவிட நல்லா போடுவாங்க" என்றான். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். எங்களுக்கும் லங்காஷயருக்கும் தலைமுறை தலைமுறையாகப் போட்டி. யார்க்‌ஷயரில் பிறந்தவள் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற பேச்சா அது? நோரீனின் கழுத்து வரை சிவப்பு ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு வாளியை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவன் இரண்டு பவுண்டு போட்ட பிறகுதான் வாளி கீழே இறங்கியது. கூட்டம் கைதட்டியது.

மதியத்துக்கு மேல் சீண்டல் ஓய்ந்தது. அப்போதுதான் டெஸ்மண்ட் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். கூச்ச சுபாவம். "ஒரு டீ", "ரொம்ப நன்றி", இந்த இரண்டைத் தவிர அவர் வாயிலிருந்து எதையும் அவள் கேட்டதில்லை. அவர் மனைவி ஐரிஸுக்கும் கிளிஃபர்டுக்கு வந்த அதே வியாதிதான். வழக்கமாக அவர் உட்கார்ந்ததும் நோரீன் வானிலை, விலைவாசி, அடுத்த தெரு விவாகரத்து என்று கொட்டித் தீர்ப்பாள். துக்கக்காரனை மௌனத்தில் விடக்கூடாது என்பது அவள் கட்சி.

இன்று டீயை வைத்துவிட்டு எதிரில் சும்மா நின்றாள். அவருக்கும் அது என்னவோ போல் இருந்தது. டீயைக் கலக்கினார். கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வியாழக்கிழமை ஆனா ஐரிஸ் இன்னும் கோட்டைப் போட்டுக்கிட்டு ஜன்னல்கிட்ட உக்காந்துடறா நோரீன். வேன் இல்லம்மான்னு சொன்னா, தெரியும், சும்மா உக்காந்திருக்கேன்ங்கறா." கரண்டியைக் கீழே வைத்தார். "சில நேரம் எங்கிட்ட என்னவோ சொல்ல வர்றா. பயத்தைப் பத்தியாத்தான் இருக்கும். எனக்குக் கேக்கத் தைரியமில்ல. உடனே எழுந்து டி.வி.யைப் போட்டுடறேன். நான் பண்றது தப்புதானே?"

நோரீனிடம் ஆயிரம் பதில் இருந்தது. ஒன்றையும் சொல்ல முடியவில்லை. அவர் கைமேல் தன் கையை வைத்தாள். அவர் அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்து, "ரொம்ப நன்றி" என்று எழுந்து போனார்.

அவர் போன பிறகு அவள் பாத்திரம் தேய்க்கும் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள். கிளிஃபர்டும் கேட்டிருக்கிறான். வேனில் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது, மேட்டுப் பாதையில் ஏறும் இடத்தில், "நோரீன், நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்பான். அவள் உடனே புதுத் திரைச்சீலையைப் பற்றி ஆரம்பித்துவிடுவாள். பயம்தான். டெஸ்மண்டின் டி.வி.யும் தன் வாயும் ஒன்றுதான் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அவன் என்ன சொல்ல வந்தான் என்பது இனி எந்தக் காலத்திலும் தெரியாது. அது வலித்தது, சாதாரண வலி இல்லை.

இந்த வேனை மட்டும் வாங்கியே தீருவேன் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் நெருங்க நெருங்கக் கூட்டம் திரும்பவும் சேர்ந்தது. மூடும் மணியை அடிக்கச் சந்தைக் காவலாளி அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். எல்லோர் கண்ணும் அவர் கையிலும் அவள் வாயிலும்தான். பாதிரியார் தலைமுடியில் இரண்டு பீன்ஸோடு வந்து நின்றார். வில்ஃப் கடையைக் கழுவி, மீதி பனிக்கட்டியைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து வந்தான். அவன் பார்வையும் மணியில்தான். நோரீன் மேஜை துடைக்கக் குனிந்தாள். அவன் முழங்கை அவள் முதுகில் இடித்தது. பூட்ஸ் அவள் காலை மிதித்தது. பனிக்கட்டி எல்லாம் அவள் மேல் கொட்டியது.

"சாரி" என்றாள் நோரீன்.

கொட்டியவன் அவன், மிதித்தவன் அவன். மன்னிப்புக் கேட்டவள் அவள்! கூரையே இடிந்து தலையில் விழுந்தாலும் கூரையிடம் ஒரு சாரி சொல்லிவிட்டுச் சாகிற ஜாதி நாங்கள். கோபத்தை விழுங்கிவிட்டாள், வலியை விழுங்கிவிட்டாள், லங்காஷயர்க்காரனையே விழுங்கிவிட்டாள். பிறந்ததிலிருந்து வாயில் ஊறிப்போன அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை.

மிஸ் ஓல்ட்ராய்ட் விசில் ஊதினார். 

"மிஸ், அது பேச்சே இல்ல மிஸ்!" என்று முதலில் கத்தியவன் வில்ஃப்தான். முகம் வெளுத்துவிட்டது. "தும்மல் மாதிரி தானா வர்றது அது. தும்மினா பேச்சாயிடுமா? இடிச்சது நானு!"

"வார்த்தைன்னா வார்த்தைதான், வில்ஃப்ரெட்" என்றார் மிஸ் ஓல்ட்ராய்ட். அவர் குரலும் சரியாக இல்லை. "விதியைச் சொன்னதே நீதான்."

"விடுடா வில்ஃப்" என்றாள் நோரீன். நாள் முழுக்கப் பூட்டிக் கிடந்த குரல் கரகரத்தது. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "பேசிட்டேன். எல்லாருக்கும் கேட்டுது. ஒரு வார்த்தை வந்தா ஒண்ணும் வேணாம்னு நான்தான் சொன்னேன். சொன்ன சொல்லை மாத்திக்கிட்டு வாங்கின வேனுல ஐரிஸ் ஏற வேணாம். நான் தோத்துட்டேன். போங்க, எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

யாரும் போகவில்லை. அப்போது கம்பளி நூல் கடைப் பக்கமிருந்து தடியைத் தட்டிக்கொண்டு கிழவர் எர்னி வந்தார். அவருக்குக் கண் மங்கிப் பல வருஷம் ஆகிறது.

"வந்துட்டியாடி மகராசி! எங்க போய்த் தொலைஞ்ச நாள் பூரா? உன் கத்தலை வெச்சுத்தான் நான் என் மேஜைக்கு வர்றது. இன்னிக்கு நூல் கடையில போய் நின்னுக்கிட்டு, ஸ்வெட்டர் போட்ட பொம்மைகிட்ட மூணு தடவை டீ கேட்டேன். அது பாட்டுக்கு மொறைச்சுக்கிட்டு நிக்குது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எர்னி தடவித் தடவி வாளியைக் கண்டுபிடித்து ஒரு நோட்டைப் போட்டார்.

"நீ சும்மா இருக்கறதுக்குன்னு நான் பேர் குடுக்கல. எவன் குடுப்பான் அதுக்கு? இது நீ பேசறதுக்கு. இன்னும் கொஞ்சம் பேசு, கேக்கலாம்."

வில்ஃப் பனிக்கட்டிப் பெட்டியைக் கீழே போட்டான். "அவர் சொல்றது நெசம். நாள் பூரா செத்த மீனோட தனியா நின்னேன். பைத்தியம் புடிச்ச மாதிரி இருந்துச்சு. அவ திட்டாம எனக்குக் கடையே ஓடல." நூறு பவுண்டையும் வாளியில் போட்டான். அதோடு சட்டைப்பையிலிருந்த அன்றைய மீன் காசையும் போட்டான். "என்னைத் திட்டு. நல்லா திட்டு."

நோரீன் மிஸ் ஓல்ட்ராய்டைப் பார்த்தாள்.

"மௌனத்துக்குப் பேசின பணம் செல்லாது. அது முடிஞ்சு போச்சு" என்றார் அவர், கைப்பையைத் திறந்துகொண்டே. "இது வேற. வரிசையில வாங்க. தள்ளாதீங்க."

வரிசை சந்தை வாசலைத் தாண்டி நின்றது. பெயர் கொடுத்தவர்கள், கொடுக்காதவர்கள், தோற்றுவிடுவாள் என்று நம்பிக் கொடுத்தவர்கள், எல்லோரும் வந்தார்கள். நோரீன் மேஜை மேல் ஏறி நின்று வில்ஃபை அவன் பிறந்த நாளிலிருந்து தொடங்கித் திட்டினாள். அழுதுகொண்டே திட்டினாள். மூடும் மணி எப்போது அடித்தது என்று யாருக்கும் தெரியாது. ஏழை ஊர் எங்கள் ஊர். ஆனால் அன்று மாலை ஆட்டர்ஸ்லியில் பிறந்ததற்காக நெஞ்சை நிமிர்த்தாத ஆள் அந்தச் சந்தையில் இல்லை.

வசந்தத்தில் வேன் வந்தது. பக்கவாட்டில் எந்தப் பணக்காரர் பெயரும் இல்லை. 'ஆட்டர்ஸ்லி மக்கள் கொடுத்தது' என்று மட்டும் எழுதியிருந்தது. முதல் வியாழக்கிழமை சந்தைத் தெரு வழியாகப் போனபோது கடைக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்து நின்று கைதட்டினார்கள். வில்ஃப் கழுத்தில் டை கட்டிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டான். துணைக்குப் போக நோரீன் ஏறிக்கொண்டாள். கோட்டும் தொப்பியுமாக ஐரிஸ், கிளிஃபர்ட் உட்கார்ந்த ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நோரீன் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். வில்ஃபின் டை, பாதிரியாரின் பீன்ஸ், அடுத்த தெரு விவாகரத்து. "இவங்க வாயை மூட எவ்வளவும்மா ஆகும்?" என்று டிரைவர் கேட்க, வேன் முழுக்கச் சிரித்தது.

மேட்டுப் பாதையில் ஏறும்போது ஐரிஸ் ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"நோரீன், நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

நோரீனின் வாயில் புதுத் திரைச்சீலை வந்துவிட்டது. நுனி நாக்கு வரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"சொல்லு கண்ணு" என்றாள்.

அதற்குப் பிறகு மேட்டு இல்லத்து வாசல் வரும்வரை ஐரிஸின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு யாரும் பணம் கட்டியிருக்கவில்லை.