புதுத் துண்டு விடும் பஞ்சு

லாண்டரியில் எனக்குப் பிடித்த வேலை டிரையரின் வடிகட்டியைச் சுத்தம் செய்வது. ஈரத் துணிகள் சூட்டுக் காற்றில் உருண்டு முடித்ததும் கதவுக்குக் கீழே இருக்கும் சட்டத்தை வெளியே இழுப்பேன். வலை முழுக்கச் சாம்பல் நிறத்தில் பஞ்சு படிந்திருக்கும். ஓரத்தில் கிள்ளி உரித்தால் ஒரே தாளாக வரும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அதற்குள் யாரோ ஒருவரின் நீலப் போர்வை, யாரோ ஒரு குழந்தையின் மஞ்சள் சட்டை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். எந்தத் துணியும் சத்தம் போட்டுத் தேய்வதில்லை. இப்படித்தான், யாருக்கும் தெரியாமல், இழை இழையாக.

என் அக்காவின் ரத்தத்தில் டாக்டர் தேடுவதும் இதைத்தான்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நான்கு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் அவளுடைய வலது கண்ணுக்குச் சிவப்பு சிக்னல் பழுப்பாகத் தெரிந்தது. அடுத்த மாதம், கிளட்சை மிதித்த கால் மிதித்ததா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். உடம்பைக் காவல் காக்க வேண்டிய அணுக்களே நரம்பின் மேலுறையைக் கடிக்கும் நோய். உறை போனால் உள்ளே இருக்கும் இழையும் அறுபடும். அறுபட்டதன் தூள் ரத்தத்தில் வந்து மிதக்கும். நியூரோஃபிலமென்ட் என்று அதற்குப் பெயர். ஒரு சின்னக் குழாய் ரத்தத்தில் அதை அளந்து ஓர் எண் சொல்வார்கள். எண் ஏறினால் உள்ளே எங்கோ அறுபடுகிறது. இறங்கினால் மருந்து வேலை செய்கிறது.

முதல் எண் முப்பத்தொன்று. மாதம் ஓர் ஊசி என்று ஆரம்பித்த பிறகு பதினேழு, ஒன்பது, எட்டு. அம்மா அந்தச் சீட்டுகளை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து வரிசையாக ஒட்டியிருந்தாள். என் மதிப்பெண் சீட்டை அப்படி ஒட்டியதில்லை. ஒட்டும்படி நான் வாங்கியதும் இல்லை. பெயர் கூப்பிட்டால் எழுந்து 'உள்ளேன்' சொல்ல வாய் வராமல், வந்திருந்தும் பாதி நாள் வராதவளாகப் பதிவானவள் நான். ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு உண்மையிலேயே போகவில்லை.

"உன் வாய் எப்பப் பாரு நியூட்ரல்லயே இருக்குடி பூனை" என்பாள் அக்கா. நடந்தால் சத்தம் கேட்காததால் எனக்கு அந்தப் பெயர்.

எட்டு வந்தபின் அவள் மறுபடி வேலைக்குப் போனாள். அந்த மாதங்களில் ஒரு சாயங்காலம், மாடியில் காய்ந்த துணியை நான் மடித்துக்கொண்டிருந்தேன். மாடியில் சுவரையொட்டி முழங்கால் உயரத்துக்கு ஒரு திட்டு ஓடுகிறது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறினாள். சின்ன வயதில் அதன் மேல்தான் நடப்பாள். கைகளை இரண்டு பக்கமும் விரித்து, ஒரு காலுக்கு முன் மறு காலை வைத்து நடந்தாள். வெயில் அவள் பின்னால் இருந்தது. கொடியில் தொங்கிய துப்பட்டிகள் காற்றில் உப்பி, அவள் அவற்றுக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தாள். தரையே இல்லாத ஏதோ ஓர் இடத்தில் நடக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. "பாருடி, ஒவ்வொரு விரலும் தெரியுது" என்றாள். தன் கால் விரல்களைச் சொன்னாள். மூலையில் வேகமாகத் திரும்பினாள். ஒரு துப்பட்டி அவள் முகத்தை மூடியது. அடுத்து நான் கேட்டது, தண்ணீர்த் தொட்டியின் சிமெண்ட் மேடையில் தலை மோதிய சத்தம்.

கொஞ்ச நேரம் கண் திறக்கவில்லை. பிறகு திறந்தாள், வாந்தி எடுத்தாள், என் கையைப் பிடித்தாள். அம்மாவைக் கூப்பிட எழுந்த என்னை இழுத்து உட்கார வைத்தாள்.

"விழுந்தேன்னு சொன்னா காலு மறுபடி போச்சுன்னு எழுதிடுவாங்க. மருந்த மாத்திடுவாங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். பேசாமல் இருக்கச் சத்தியம் வாங்க என்னைவிடத் தோதான ஆள் கிடைக்குமா?

மூன்று வாரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். நர்ஸ் வழக்கம்போல வரிசையாகக் கேட்டார். காய்ச்சல் வந்ததா, புது மாத்திரை ஏதும் உண்டா, விழுந்து அடிபட்டதா? அக்கா எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். நான் குழாயில் ஏறும் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சிவப்பில் தூள் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முடிவு வாங்கப் போவதற்கு முந்தின நாள் லாண்டரியில் வடிகட்டியை இழுத்தால் வரவில்லை. பலம் கொண்டு இழுத்தேன். விரல் தடிமனுக்குப் பஞ்சு. உள்ளே ஒரு விடுதியின் பழைய துப்பட்டிகள் இருந்தன. அவற்றில் ஒன்று நாராகிவிட்டது என்று பயந்து ஒவ்வொன்றாக விரித்து, கண்ணுக்கு நேரே தூக்கி, விரலால் தடவித் தேடினேன். ஒன்றிலும் ஓட்டை இல்லை. முதலாளி கணக்கு மேசையிலிருந்து பார்த்து, துணியைத் தூங்க வைக்கப் போகிறாயா என்று கேட்டார். கடைசியில் அடியில் கிடந்தது ஒரு புதுத் துண்டு. விலைச் சீட்டின் நூல்கூட இன்னும் அறுபடவில்லை. அத்தனை பஞ்சும் அது விட்டது. கிழிந்ததால் விடவில்லை. புதுசாக, கொழுகொழுவென்று இருந்ததால் விட்டது.

மறுநாள் டாக்டரின் அறை. மேசையில் பிளாஸ்டிக் மூளை ஒன்று இரண்டாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. அம்மாவும் அக்காவும் நாற்காலியில், நான் கதவோரம். டாக்டர் அக்காவை நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார், நடந்தாள். கண்ணைச் சோதித்தார், நன்றாக இருந்தது. ஸ்கேனில் புதுத் தழும்பு ஒன்றும் இல்லை என்றார். பிறகு சீட்டைத் திருப்பிக் காட்டினார். இருபத்து நான்கு.

அம்மா அந்தச் சீட்டை வாங்கவில்லை.

சில சமயம் ஸ்கேனுக்கு முன்னால் ரத்தம் சொல்லிவிடும் என்றார் டாக்டர். ஊசிக்கு நோய் அடங்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைவிட வலுவான மருந்து ஒன்று இருக்கிறது. அது காவல் அணுக்களைக் கூண்டோடு கலைத்துவிட்டுப் புதிதாக வளர விடும். ஆஸ்பத்திரியில் தங்கி ஏற்ற வேண்டும். அதன் பிறகு பல மாதம் வெளியாட்களோடு மூடிய காரில் உட்காரும் வேலை கூடாது. அக்காவின் கைகள் மடியில், இல்லாத ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன. டாக்டர் பேனா மூடியைக் கழற்றினார்.

எனக்கு அந்த அறை டிரையர் போலச் சுற்றியது. கண்ணாடி வட்டத்துக்குள் அக்கா, துப்பட்டி, வெயில், விரித்த கைகள் எல்லாம் மெதுவாக உருண்டன. வலைக்கு என்ன தெரியும்? எது கிழிந்து வந்தது, எது வேறு எதனாலோ உதிர்ந்தது என்று அதற்கு என்ன தெரியும்?

"புதுத் துண்டு" என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்து எடுத்தேன்.

"அக்கா விழுந்துட்டா. தலையில அடி. கொஞ்ச நேரம் கண்ணு முழிக்கல. இன்னியோட அஞ்சு வாரம் ஆச்சு டாக்டர்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். பிறகு அவளே டாக்டரிடம், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"கால் போயி விழல டாக்டர். நல்லா இருந்ததாலதான் விழுந்தேன்."

டாக்டர் பேனாவை மூடினார். முனையில் மூடி உட்கார்ந்த சின்னச் சத்தம் எனக்குக் கேட்டது. கண் முழிக்காமல் கிடந்தவளை அன்றைக்கே கொண்டுவராததற்கு எங்கள் இருவரையும் நன்றாகத் திட்டினார். தலையில் அடிபட்டாலும் இந்த எண் ஏறும், மாதக் கணக்கில் மெதுவாக இறங்கும் என்றார். எங்கிருந்து உதிர்ந்தது என்று எண்ணுக்குச் சொல்லத் தெரியாது. ஊசி அப்படியே தொடரட்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், அதற்குள் கண்ணோ காலோ மக்கர் செய்தால் அன்றைக்கே வர வேண்டும். அப்போதும் இறங்காவிட்டால் மருந்தை மாற்றத்தான் வேண்டும்.

வீடு திரும்பும் வழியில் அக்கா பத்தடி முன்னால் நடந்தாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "ஃபர்ஸ்ட் கியர்கூடப் போடாம நேரா நாலாவதுல எடுத்துட்டே" என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை.

அம்மா சொன்னதுதான் என்னை விடவில்லை. பாத்திரம் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "ஒன் பேச்சக் கேட்டு மூணு மாசம் தள்ளி வெச்சிருக்காங்க. உள்ள நெசமாவே அறுந்துட்டு இருந்தா?"

அந்த மூன்று மாதமும் பஞ்சு என் தூக்கத்துக்குள் பெய்தது. அறைக்குள் சத்தமில்லாமல் இறங்கி, அக்காவின் கட்டில் மேல், ஃபிரிட்ஜ் மேல், அம்மாவின் தோள் மேல் படியும். நான் விரலால் உரித்து உரித்து வெளிச்சத்தில் பார்ப்பேன். இது துண்டா, அக்காவா? நிறம் தெரிவதற்குள் விழித்துக்கொள்வேன். பகலில் அக்கா மாடிப்படி ஏறும் சத்தத்தை எண்ணுவேன். பதினான்கு படி, பதினான்கு சத்தம். ஒருநாள் பதிமூன்று கேட்டது. ஓடினேன். செருப்பு வார் அறுந்து நின்றிருந்தாள்.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும் நாளில் எனக்கு லீவு தர முதலாளிக்கு மனம் வரவில்லை. விடுதித் துணி குவிந்து கிடந்தது. பதினொரு மணி இருக்கும். கூரையில் மஞ்சள் பலகை வைத்த அக்காவின் கார் தெருமுனையில் திரும்பியது. ஸ்டியரிங்கில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், புதிதாகப் படிப்பவர். கார் விக்கி விக்கி வந்தது. நிற்கும் என்று வாசலுக்கு ஓடினேன். நிற்கவில்லை. அந்த அம்மாளுக்கு ஓட்ட வந்துவிட்டது, நிறுத்த வரவில்லை. அக்கா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, மறு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். ஐந்து விரல்.

கார் போய்விட்டது.

ஐந்தா? ஐம்பதா? இல்லை, கொஞ்சம் பொறு என்று கை காட்டினாளா? தெருவைச் சுற்றி வர எத்தனை நேரமாகும் என்று தெரியாமல் நின்றேன். கையில் வடிகட்டி இருந்தது. அதிலிருந்த பஞ்சு ஓரமாகப் பிரிந்து ஒவ்வொரு இழையாக வெயிலில் எழும்பியது. தெரு முழுக்க யாரோ தண்ணீரை நிரப்பி, நான் அதன் அடியில் நிற்பதுபோல எல்லாம் மெதுவாக மிதந்தது.

விக்கல் சத்தம் மறுபடி கேட்டது. கார் திரும்பியது. அக்கா ஜன்னல் வழியாகத் தலையையும் கையையும் நீட்டிச் சிரித்துக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை நான்கு விரல்.

"ஒம்பது" என்றேன். தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.

உள்ளேயிருந்து முதலாளி, இந்த மூன்று வருஷத்தில் என் குரல் இப்படித்தான் இருக்கும் என்று தனக்குத் தெரியாது என்றார். என்ன ஒன்பது என்று கேட்டார். அந்தக் கார் மூன்றாவது சுற்றுக்குப் போய்விட்டிருந்தது.