புள்ளிக்குப் பின்னால் ரெண்டு எழுத்து

குழாய்க்காரரின் மனைவி போனைக் காதிலிருந்து எடுத்துக் கையால் பொத்தினாள். "யாரோ ஒரு அம்மா. சமையலறைத் தொட்டியில தண்ணி இறங்கலையாம். உடனே வரணுமாம்."

அவர் பையைத் தூக்கிவிட்டார். "எந்தத் தெரு?"

"தெரு இருக்கட்டும். நடுவுல ஒரு கடல் இருக்கு."

மறுபடியும் அந்தத் தீவு. சொந்தக் கடை போட்டதிலிருந்து இதே கூத்துதான். உள்ளூரில் குழாய் அடைக்காத வீடே இல்லை. ஆனால் ஒரு ஈ காக்கைகூடக் கூப்பிடவில்லை. இந்த மாதமும் இப்படியே போனால் ஷட்டரை இறக்கிவிட்டு, சண்டை போட்டு விலகிவந்த கான்ட்ராக்டரிடமே போய்ப் பல்லிளிக்க வேண்டும்.

கடைக்கு வெப்சைட் கட்டிக்கொடுத்தவர் மனைவியின் அண்ணன். இரண்டு வாரப் பயிற்சியில் நிபுணராகி, விசிட்டிங் கார்டில் 'உலகளாவிய' என்று போட்டுக்கொண்டவர். தங்கை கூப்பிட்டதும் லேப்டாப்போடு வந்து, ஆபரேஷனுக்கு வந்த டாக்டர்போல் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"சிம்பிள் மாப்ள. வெப்சைட் முகவரி கடைசியில, புள்ளிக்கு அப்புறம் ரெண்டெழுத்து இருக்கு பாருங்க, அது அந்தத் தீவோட எழுத்து. கூகுள் அதப் பாத்ததும் உங்கள அந்த ஊர்க்காரர்னு முடிவு பண்ணிடுது. அங்க தேடுனா மேல வருவீங்க. இங்க தேடுனா ஆளே இல்ல. சர்வரும் மலிவா கிடைச்சுதேன்னு அந்தப் பக்கமாவே போட்டுட்டேன். அது சின்ன சாட்சிதான். ஆனா ரெண்டு சாட்சியும் ஒரே மாதிரி பேசுதுல்ல?"

"உலகளாவியன்னு போட்டியேண்ணே, உள்ளூரு எந்தப் பக்கம்னு தெரியாதா? அந்த வால எதுக்கு ஒட்டுன?"

அண்ணனுக்குச் சுருக்கென்றது. "என்னை ஏம்மா சொல்ற? நம்ம நாட்டு எழுத்தப் போடலாம்னுதான் சொன்னேன். உன் வீட்டுக்காரர்தான் ஒத்தக்கால்ல நின்னாரு. முதல் எழுத்து அவரு பேராம், ரெண்டாவது உன் பேராம்."

குழாய்க்காரர் ஒரு வாஷரை எடுத்து, அதன் ஓட்டை வழியாக எதையோ தீவிரமாக ஆராயத் தொடங்கினார். மனைவியை 'இந்தா' என்றே கூப்பிட்டுக் காலம் தள்ளியவர். அவர் ஒரு தீவு நாட்டிடம் எழுத்தை வாடகைக்கு வாங்கி அவள் பேரை வாசலில் ஒட்டிவைப்பார் என்று யார் கண்டது?

அவள் குனிந்து திரையில் அந்த ரெண்டெழுத்தையும் பார்த்தாள்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்றாள் பிறகு. குரலில் திட்டு பாதிதான் இருந்தது.

"மாத்திடலாம்," என்றார் அவர், வாஷரிடம். "கடைதான முக்கியம்."

அண்ணன் புதுப் பெயர் கேட்கும் கட்டத்தைத் திறந்தார். பழைய பெயர் அதில் அப்படியே வந்து நின்றது. "நகரு," என்று அவரைத் தள்ளிவிட்டு அவள் உட்கார்ந்தாள். அழிக்கிற பொத்தானை ஒருமுறை தட்டினாள். அவளுடைய எழுத்து போயிற்று.

புள்ளிக்குப் பக்கத்தில் அவருடையது மட்டும் தனியாக நின்றது. அதையே பார்த்துக்கொண்டு, விரலைப் பொத்தானில் படாமல் வைத்திருந்தாள்.