முப்பத்தேழாவது நிமிஷம்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற மனிதருக்கும் ரஷ்ய இசைக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு? ஒன்றும் கிடையாது. மகள் ரஷ்யாவுக்குப் போனாள், அவ்வளவுதான். கைநிறையச் சம்பளம் வரும் வேலையை உதறிவிட்டு டிரம் அடிக்கப் போகிறேன் என்றாள். இவரோ வாயைத் திறந்தால் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. "போனா போனதுதான். திரும்பி இந்த வாசப்படி மிதிக்காதே" என்றார். அவளுக்கும் அப்பாவின் பிடிவாதம். ஆறு வருஷமாக மிதிக்கவில்லை. ஒரு போன்கூட இல்லை.

போன வருஷம் மச்சினன்தான் அவள் சேர்ந்த இசைக்குழுவைத் தேடிப் பிடித்து இவருடைய போனில் போட்டுக் கொடுத்தான். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வீடியோ வந்தது. எல்லாம் இன்றைக்கும் உயிரோடிருக்கிற ரஷ்யர்கள் எழுதிய இசை. "என்னடா இது, பீரோவை இழுத்துப்போடுற சத்தமா இருக்கு!" என்று முதல் நாள் காதைப் பொத்திக்கொண்டார். அப்புறம் கடைசி வரிசையில், பெரிய டிரம்முக்குப் பின்னால் மகள் தெரிந்தாள். கையை எடுத்துவிட்டார்.

ஒரு சிம்பொனியில் அவளுக்கு ஒரே ஒரு அடி, முப்பத்தேழாவது நிமிஷத்தில். அதுவரை நின்றபடியே உதட்டுக்குள் எண்ணுவாள். தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டு இவரும் எண்ணுவார். சரியாக அடி விழும் நேரம் கேமரா, முன்னால் நின்று குச்சியாட்டிக் குழுவை நடத்தும் கண்டக்டர் பக்கம் ஓடிவிடும். "அடப்பாவி, அவன் மூஞ்சி யாருக்குடா வேணும்!" என்று கத்துவார். அவளுக்காகக் காத்துக்கிடந்ததில், நடுவே வயலின்கள் இழுக்கும் அந்த நீண்ட முனகலும் பிடித்துப்போனது. மகள் இல்லாத வீடியோக்களைக்கூடக் கேட்டார். சொன்னால் யார் நம்புவார்கள்?

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்பாள்: "இந்த வாரம் எப்படி இருக்கா? இளைச்சிருக்காளா?"

"அதெல்லாம் இல்ல. நல்லாத்தான் இருக்கா."

அந்த ஒரு பதிலில் அடுத்த வெள்ளி வரை இருவரும் ஓட்டிவிடுவார்கள்.

கடைசியில் வீம்பு தளர்ந்தது. அவளை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும், அதுவும் தன் வாயால் கூப்பிட வேண்டும். 'பெரிய டிரம் வாசிக்கும் பெண்ணிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும்' என்று வீடியோவுக்குக் கீழே எழுதினார். மூன்றாம் நாள் சாயங்காலம், வீட்டில் இருந்தபோது பதில் வந்தது. போனே தமிழாக்கிக் கொடுத்தது.

'இவை ஐந்து வருடத்துக்கு முந்தைய கச்சேரிகள். வாரம் ஒன்றாக இப்போதுதான் ஏற்றுகிறோம். அந்தப் பெண் நான்கு வருடத்துக்கு முன் ஒருநாள் வரவில்லை. பிறகு வரவே இல்லை. நிறையத் தேடினோம். நீங்கள் யார்? அவள் எங்கே என்று தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.'

மூன்று முறை படித்தார். வாராவாரம் நல்லா இருக்கா, நல்லா இருக்கா என்று வாய் கூசாமல் சொன்னோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. உட்கார நாற்காலியைத் தேடினார்.

"பதிலா? என்ன போட்டிருக்காங்க?" ஈரக்கையைத் துடைத்தபடி மனைவி ஓடிவந்தாள்.

போனைக் கவிழ்த்து வைத்தார். "நாம யாருன்னு கேக்குறாங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அப்பான்னு எழுதுங்க." அவள் முகமெல்லாம் சிரிப்பு. "அம்மாவும் பக்கத்துலயே இருக்கேன்னு சேர்த்து எழுதுங்க. எப்ப வர்றான்னும் கேளுங்க."